விட்டுப் போனவற்றின் வீடு

பலகையில் இருந்த அம்பு அவர்கள் வந்த பக்கத்தையே காட்டியது.

மார்லிஸ் காரை ஓரங்கட்டி இன்னொரு தரம் பார்த்தாள். வெள்ளைப் பலகை, சிவப்புப் பெயிண்ட், கையெழுத்து: ‘விட்டுப் போனவற்றின் வீடு. அரை மைல். காபி இலவசம்.’ அம்பு கிழக்கே பார்த்தது. கிழக்கிலிருந்துதான் அவர்கள் வந்திருந்தார்கள். அந்த அரை மைலில் ஆள் உயர மக்காச்சோளத்தைத் தவிர ஒரு கோழிக்கூண்டுகூட இல்லை என்று அவள் பைபிள்மேல் கை வைத்துச் சொல்வாள். காற்று திருப்பியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பலகையோ இரண்டு கம்பங்களில் அறையப்பட்டு ஆடாமல் நின்றது. காற்றுக்கு அம்பை மட்டும் தனியாகத் திருப்பத் தெரியுமா என்ன?

“அங்க ஒண்ணு இருக்கு மார்லி. பாத்துட்டுப் போலாம்,” என்றார் பக்கத்து சீட்டிலிருந்த அவள் புருஷன் வெர்லின், தொப்பியைச் சரிசெய்தபடி.

“நாம வந்த வழிதானே அது? அங்க ஒண்ணுமே இல்லையே.”

“பலகை பொய் சொல்லுமா?”

அவள் காரைத் திருப்பினாள். இந்தப் பயணமே அவருக்காகத்தானே.

வெர்லின் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தெற்குப் பக்கம் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர். ரோட்டோரத்தில் எந்தப் பைத்தியக்காரன் என்ன கட்டி வைத்திருக்கிறான் என்று அவருக்கு அத்துப்படி. இரண்டு மாடி உயர சிமெண்ட் மீன், சோடா பாட்டிலால் கட்டிய வீடு, ராட்சசன் உட்காருகிற ஆடும் நாற்காலி. எல்லாவற்றையும் தாண்டித்தான் போவார், நிற்க முடியாது. நின்றால் பால் கெட்டுவிடும். ‘ரிட்டையர் ஆனதும் ஒண்ணு விடாம நின்னு பாக்கணும் மார்லி’ என்பார். ரிட்டையர் ஆனார், கூடவே மறதி நோயும் வந்து சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு சிமெண்ட் பூதத்தின் அடியிலும் போய்த் தொப்பியைக் கழற்றி, “என்ன பெரியவரே, சௌக்கியமா?” என்று விசாரிக்கிறார். காலையில் அந்த மீனிடம் பத்து நிமிஷம் பேசினார். மார்லிஸ் பக்கத்தில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாள். படுக்கை தயாராக இருக்கிறது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஊசி போடும் முன் மிட்டாய் கொடுப்பார்களே, அந்த மாதிரியான பயணம் இது. அது அவளுக்குத் தெரியும், தெரிந்தே ஓட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட நின்ற கடையில் அவர் பக்கத்து மேசைக்காரனின் தட்டிலிருந்து ஆப்பிள் கேக்கை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டார். அந்த ஆள் பரவாயில்லை என்றான். அவன் மனைவி மார்லிஸைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கம் இன்னும் அவள் கழுத்தில் சூடாக ஊர்ந்தது. புருஷனை நினைத்து வெட்கம், வெட்கப்படுகிற தன்னை நினைத்து அதைவிடப் பெரிய வெட்கம். இரண்டுக்கும் நடுவில்தான் அவள் ஒரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

வீடு இருந்தது. வெள்ளைப் பலகை அடித்த பழைய வீடு, பச்சைக் கூரை, வாசலில் ஏற்கெனவே ஒரு கார். இதை எப்படிப் பார்க்காமல் தாண்டினோம்? அவள் வெர்லினுக்கு சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வாயோரத்தைத் துடைத்து, கையைப் பிடித்து இறக்கினாள்.

உள்ளே தரை மெழுகின் வாசனையும் அந்துருண்டை வாசனையும், இரண்டுக்கும் அடியில் நனைந்து காய்ந்த கம்பளியின் வாசனையும் இருந்தன. ஜன்னல்களில் திரை போட்டிருந்தது. சாயங்கால வெயில் அதில் வடிகட்டித் தேன் நிறத்தில் விழுந்து, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த பொருள்களின் மேல் படிந்திருந்தது. பயணிகள் எங்கெங்கோ விட்டுப் போனவை. ஒற்றைக் கையுறைகள், குடைகள், பிளாஸ்குகள், கண்ணாடி டம்ளரில் பல்செட்டுகள், ஊன்றுகோல், ஒரு குழந்தையின் இடது ஷூ. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு காகிதச் சீட்டு. எதிலும் தூசி இல்லை. பின்பக்க அறைக்குப் போகும் வழியில் பச்சைத் திரை தொங்கியது. அதன் பின்னால் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது, கூடவே பிரிட்ஜ் நின்றபோதும் நிற்காத ஒரு மெல்லிய சத்தம். சர்ச்சில் ஜெபத்துக்காக எல்லாரும் தலைகுனிந்திருக்கும்போது கேட்குமே, நிறையப் பேர் சத்தம் போடாமல் இருக்கும் சத்தம்.

“வாங்க வாங்க,” என்று ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள் வீட்டுக்காரி. குட்டையான, கன்னம் சிவந்த, அறுபது வயதுக்காரி. “நான் ஐடெல்லா. காபி ஊத்தட்டுமா?”

“வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சோம்.”

“ஒரு வாய்?”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

“போட்டது ஆறிட்டிருக்கு, குடிச்சாத்தான் என்ன?”

“சரி, அரைக் கப்பு போதும்.”

அந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை வேண்டாம் என்பதும் மரியாதை. மூன்றாம் தடவை சொல்வதுதான் மனதில் இருப்பது. இது தெரியாத வெளியூர்க்காரர்கள் இரண்டு தடவையோடு உபசாரத்தை நிறுத்திவிட, விருந்துக்குப் போய்ப் பட்டினியாக வீடு திரும்பிய மின்னசோட்டாக்காரர்கள் எத்தனையோ பேர்.

வாசலருகே ஒரு தனிப் பலகைத்தட்டு இருந்தது. ‘ஒன்றை விடுங்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.’ ஊர்ப்பக்கத்துக் கடைகளிலும் நூலகங்களிலும் இருப்பதுதான்.

“யாரும் இங்கிருந்து வெறுங்கையோட போகக் கூடாது. அதான் எங்க வீட்டு வழக்கம்,” என்றாள் ஐடெல்லா.

மார்லிஸ் சிரித்துவைத்தாள். ஒரு தோல் கையுறை அழகாக இருந்தது. எடுத்து விரல்களை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையை உருவிக்கொண்டதுபோல. சட்டென்று கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே இன்னொரு தம்பதி இருந்தார்கள். மினியாபொலிஸ் நகரத்துக்காரர்கள், வெளிர் லினன் சட்டை, நல்ல செருப்பு, நல்ல பற்கள். அந்தப் பெண் மார்லிஸிடம் தானாக வந்து பேசினாள். பெரிய மீனைப் பார்த்தீர்களா, ஆடும் நாற்காலியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மார்லிஸுக்கு உற்சாகம் பிறந்தது. எவ்வளவு நாளாயிற்று, ஒரு பெரிய மனுஷி தன்மேல் இரக்கப்படாமல் தன்னிடம் பேசி! வெர்லின் எங்கோ ஊன்றுகோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும், ஐந்து நிமிஷம். அவள் அந்த மீனைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

வெர்லின் அறையின் நடுவில் நின்றிருந்தார். காக்கிக் கால்சட்டையில் கறுப்பாக ஒரு கோடு தொடையிலிருந்து இறங்கி, ஷூவைச் சுற்றி மெழுகுத் தரையில் பளபளப்பாக விரிந்துகொண்டிருந்தது. காலையில் டயப்பர் கட்டிவிட்டிருந்தாள். எப்போதோ கழற்றி எங்கேயோ போட்டிருக்கிறார். முகத்தில் சிரிப்பு. கை பெல்ட்டின் பக்கிளோடு மல்லாடிக்கொண்டிருந்தது.

“ஐயையோ,” என்று அந்தப் பெண் வாயைப் பொத்தினாள். “யாருங்க இவரு?”

ஐடெல்லா தரை துடைக்கும் மாப்போடு வந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. மார்லிஸைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “இவரு உங்களோட வந்தவரா?”

“இல்ல.”

சொல்லிவிட்டாள். விக்கல் வருவதுபோல வந்துவிட்டது. காது மடல் இரண்டும் எரிந்தன.

“ஒண்ணா வந்த மாதிரி இருந்துச்சு. உங்களோட வந்தவரில்லையா?”

“இல்லைங்க.”

“எவ்வளவு கல்நெஞ்சு இருக்கணும் பாருங்க,” என்றாள் மினியாபொலிஸ்காரி, மார்லிஸின் முழங்கையைத் தொட்டு. “இந்த நிலைமையில ஒரு மனுஷன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிருக்காங்களே. நாயக்கூட விட மாட்டோம்.”

“ஆமாங்க,” என்றாள் மார்லிஸ். “பாவம்.”

வெர்லின் நிமிர்ந்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார். மாதக்கணக்காக அவர் கண்ணில் இருந்த மூடுபனி அந்த ஒரு கணம் இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எல்லாமே அவருக்குப் புரிந்திருந்தது.

ஐடெல்லா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். “கடைசியா கேக்கறேன்மா. இவரு உங்களவரா?”

மூன்றாம் தடவை. இப்போது சொல்லிவிடலாம். முதல் இரண்டும் கணக்கில் சேராது, எல்லாருக்கும் தெரியும். மார்லிஸ் வாயைத் திறந்தாள். அவள் ஆமாம் என்றுதான் சொல்லப் போகிறாள்.

“அந்தம்மாவ ஏங்க தொந்தரவு பண்றீங்க?” என்றார் வெர்லின், தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு. “நான் தனியாத்தான் வந்தேன். அவங்கள எனக்குத் தெரியாது.”

அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறார்.

“தெரியாதுங்க,” என்றாள் மார்லிஸ். “எனக்கு இவரத் தெரியாது.”

பச்சைத் திரைக்குப் பின்னால் அந்த மெல்லிய சத்தம் நின்றது. பிறகு யாரோ ஒருவர், இல்லை, நிறையப் பேர், பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்கள்.

அவள் வெளியே வந்தாள். டிக்கியில் மாற்றுக் கால்சட்டை இருக்கிறது; எடுக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த லினன் சட்டைக்காரர்கள் போகட்டும். அவர்கள் கார் கிளம்பின உடனே உள்ளே ஓடி, அவரைக் கழுவி, உடை மாற்றி, காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிடுவேன். இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் அவள். தன் குருவையே மூன்று தடவை தெரியாது என்று சொன்ன சீடன் ஒருவனைப் பற்றியும் ஒரு பாடம் சொல்லியிருக்கிறாள். அதை நினைக்காமலிருக்கப் பாடுபட்டாள். உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவுக்கும் நடுவில், பக்கத்து சீட் காலியாக இருப்பதில் மனதின் ஒரு மூலை நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

மினியாபொலிஸ்காரர்கள் வந்தார்கள். அவளுக்குக் கையசைத்தார்கள். போனார்கள்.

அவள் கதவில் கை வைத்தபோது, மறுபக்கக் கதவு திறந்தது.

“போலாமா மார்லி?”

வெர்லின் ஏறி உட்கார்ந்தார். கால்சட்டை உலர்ந்திருந்தது, மடிப்புக் கலையாமல். கதவைச் சாத்தினார். சீட் பெல்ட்டை இழுத்துத் தானே மாட்டிக்கொண்டார். கிளிக். ஒரு வருஷமாக அவர் மாட்டத் தெரியாமல் தவித்த பெல்ட்.

“என்ன, வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்க? ஈ போயிடப் போகுது.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “என்ன மன்னிச்சிடுப்பா. நான் உள்ள...”

“அத விடு. வண்டிய எடு.”

எடுத்தாள். மேற்கே, வெயிலுக்கு நேராக. ரோடு நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. வெர்லின் பேசிக்கொண்டே வந்தார், பழைய வெர்லினைப் போல, வாக்கியத்தைப் பாதியில் தொலைக்காமல். இந்த வருஷம் சோளம் நன்றாக வந்திருக்கிறது என்றார். அவள் ஓட்டுவதைக் கிண்டல் செய்தார். சர்ச் மண்டபத்தில் அவர்கள் முதல் முதலாக ஆடியதைச் சொன்னார். “அன்னிக்கு நீ பச்சைக் கவுன் போட்டிருந்த.”

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது.

கவுன் பச்சைதான். ஆனால் வெர்லின் அதை நீலம் என்பார். கல்யாணமான நாளிலிருந்து நீலம் என்று சண்டை பிடிப்பார். புத்தி தெளிவாக இருந்த காலத்திலும் நீலம், புத்தி கலங்கிய பிறகும் நீலம். பச்சை என்று அவளுக்கு மட்டும்தான் ஞாபகம்.

காரில் தரை மெழுகின் வாசனை.

ரோட்டோரத்தில், வயலுக்கு நடுவே, வீட்டு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கோழி நின்றது. மஞ்சள் கால், நீலக் கண். வெர்லின் அதைப் பார்க்கவில்லை. தொப்பியில் கை போகவில்லை. கோழி ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அவர் சோளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“கோழியப் பாத்தியா?” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

“எந்தக் கோழி?”

அவர் கை அவள் பக்கமாக நீண்டு ஏசியைக் குறைத்தது. சட்டைக் கையின் விளிம்பு மேலேறியது. மணிக்கட்டில் நூல். நூலில் ஒரு காகிதச் சீட்டு. அதன் மை பழுத்துப் பழுப்பாகியிருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதியது. யாரோ, எப்போதோ, எங்கேயோ விட்டுப் போனது.

அது நிதானமாகச் சீட்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டது.

“திங்கக்கெழம அங்க போக வேண்டியதில்ல,” என்றது. “அந்தப் படுக்கைய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு. இனி உனக்கு ஒரு தொல்லையும் இல்ல. ராத்திரி நல்லாத் தூங்குவ. நாலு பேர் முன்னாடி தலை நிமிந்து நடப்ப.”

திங்கட்கிழமையைப் பற்றி அவள் வெர்லினிடம் சொன்னதே இல்லை.

அவள் கண் மேலே போயிற்று. பின்பக்கம் காட்டும் கண்ணாடி.

அந்த வெள்ளை வீடு. இவ்வளவு தூரம் வந்த பிறகும், அரை மைல் பின்னால். நடு ரோட்டில் ஒருவர் நின்றிருந்தார். நனைந்த கால்சட்டை. ஒரு கை அதை நழுவாமல் பிடித்திருந்தது.

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. எஞ்சின் முனகியது. சோளத் தோகைகள் ஒன்றோடொன்று உரசின.

“திரும்பணும்னா திரும்பு,” என்றது பக்கத்திலிருந்தது, கோபமில்லாமல், வெர்லினின் நல்ல குரலில். “நான் இறங்கிக்கறேன். அவரக் கூட்டிட்டுப் போ. துடைச்சு விடு, ஊட்டி விடு, எல்லாரும் பாப்பாங்க. ஒண்ணும் அவசரமில்ல, யோசி.”

யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். அவ்வளவுதான். அவள் கைக்கு அது தெரியும். கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

கண்ணாடியில் வெர்லினுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நொண்டியபடி ஒருவர். ஒரு காலில் மட்டும் ஷூ போட்ட குழந்தை. நைட்டியோடு ஒரு கிழவி. வந்து வந்து வெர்லினின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ஐடெல்லா குனிந்து அவருடைய மணிக்கட்டில் எதையோ கட்டினாள். அவர் குழந்தையைப் போலக் கையை நீட்டிக் காட்டினார்.

அப்புறம் அந்தக் கையை உயர்த்தி ஆட்டினார்.

வா என்று ஆட்டவில்லை. அந்த நாட்டில் விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, கார் கண்ணுக்கு மறையும்வரை நின்று கையசைப்பார்கள். அந்த ஆட்டல். பத்திரமாகப் போய்வா, என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்கிற ஆட்டல். முகம் தெரியாத தூரம்தான். ஆனாலும் அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் எல்லாருமே கையசைத்தார்கள்.

மார்லிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். சூடான சோள வாசனை உள்ளே அடித்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெட்கத்தில் முகம் தகித்தது, வாய் வெர்லின், வெர்லின் என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள். மரியாதை தெரிந்த விருந்தாளியாக, எல்லாருக்கும் தெரியும்படி, திருப்பிக் கையசைத்தாள்.

பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.